எதிர் நாற்காலிக்காரர்

செப்டம்பர் 8, திங்கள்

கிரைண்டர் நின்றுவிட்டது. கடை மாவு வாங்கினேன், புளிப்பு. எழும்பூர் நீதிமன்றத்தில் இரண்டு வழக்குகள், இரண்டுக்கும் வாய்தா. போன வாரம் முழுக்க டிவியில் கத்தியதில் தொண்டை கட்டியிருக்கிறது. மிளகுப் பால் குடித்தும் கேட்கவில்லை.

மாலையில் சேனலிலிருந்து அழைத்தார்கள். நாளை எட்டு மணி விவாதத்துக்கு வர வேண்டுமாம். புதிய பேருந்து நிலையத்துக்கு எங்கள் தலைவர் பெயரா, அவர்கள் தலைவர் பெயரா என்பது தலைப்பு. அந்தப் பேருந்து நிலையத்துக்கு இன்னும் கூரையே போடவில்லை. எதிர் நாற்காலியில் யார் என்று பழக்கத்தில் கேட்டேன். வேறு யார், பூவராகன் சார்தான்.

நான் கட்சியின் செய்தித் தொடர்பாளர் ஆன நாளிலிருந்து அவரோடுதான் மோதிக்கொண்டிருக்கிறேன். அப்போது அவர் கட்சி ஆட்சியில் இருந்தது, இப்போது எங்கள் கட்சி. ஆட்சி மாறிய வாரத்தில் அவர் பேசிக்கொண்டிருந்ததை நானும், நான் பேசிக்கொண்டிருந்ததை அவரும் பேச ஆரம்பித்தோம். அவர் மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். கேமரா அணைந்ததும், "வக்கீலம்மா, இன்னைக்கு ரொம்பத் திட்டிட்டீங்க" என்று சொல்லி என்னிடம் தொண்டை மாத்திரை கேட்டு வாங்கிக்கொள்வார்.

நாளைக்கு நீலப் புடவை. கட்டம் போட்டது கேமராவில் அலை அலையாகத் தெரிகிறதாம்.

செப்டம்பர் 9, செவ்வாய்

பூவராகன் சார் நேரலையில் மயங்கி விழுந்துவிட்டார். ஆம்புலன்ஸில் கொண்டுபோனார்கள். மாரடைப்பு என்கிறார்கள். பிறகு எழுதுகிறேன்.

செப்டம்பர் 10, புதன்

நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

நெறியாளர் நிவேதன் ஆரம்பத்திலிருந்தே எங்கள் இருவரையும் மாறி மாறிக் கிளறிக்கொண்டிருந்தார். நேற்று அவருக்குக் காதுக் கருவியில் என்ன சொன்னார்களோ, யாருக்கும் ஒரு வாக்கியத்துக்கு மேல் கொடுக்கவில்லை. பூவராகன் சார் ஏதோ ஒரு அரசாணையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அந்த அரசாணையில் கையெழுத்துப் போட்டவர் யார் என்று நான் குறுக்கே கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. மறுபடி கேட்டேன். "பதில் சொல்லுங்க சார், ஏன் வாயடைச்சுப் போச்சு? நாட்டு மக்கள் பார்த்துக்கிட்டிருக்காங்க, பதில் சொல்லுங்க." அவர் மேசை மேல் சாய்ந்தார். பிறகு பக்கவாட்டில் சரிந்தார். தண்ணீர் கிளாஸ் விழுந்து உடைந்தது. அதுவரை எனக்கு ஒன்றும் தெரியாது.

காலையில் எழுந்தால் போன் கொதிக்கிறது. எங்கள் ஐ.டி. பிரிவுப் பையன்கள் அந்தத் துண்டை வெட்டி, என் கையில் குத்துச்சண்டை உறை மாட்டிவிட்டிருக்கிறார்கள். "ஒரே கேள்வி, ஆள் காலி." மதியத்துக்குள் ஊரெல்லாம் பரவிவிட்டது. ஏதோ ஒரு ஊரில் பட்டாசு வெடித்ததாகக்கூட ஒரு வீடியோ. அவர்கள் பக்கம் என்னைக் கொலைகாரி என்கிறார்கள். என் படத்துக்கு மாலை போட்டிருக்கிறார்கள்.

ஊடகப் பிரிவின் பொறுப்பாளர் இளம்பரிதி அண்ணன் அழைத்தார். "தமயந்திம்மா, தலைமை ரொம்ப சந்தோஷமா இருக்கு. அந்தக் கேள்வி இருக்கே, அதான் கேள்வி."

"அண்ணே, அவர் ஐ.சி.யூ.வுல இருக்கார்."

"அது பாவம்தான். அதை நாம செய்யலையே."

கேள்வி நல்ல கேள்விதான். அதை மறுக்க முடியாது.

செப்டம்பர் 11, வியாழன்

மிருதுளா கல்லூரிக்குப் போகவில்லை. வகுப்பு வாட்ஸப் குழுவில் யாரோ என் குத்துச்சண்டைப் படத்தைப் போட்டு, கீழே அவள் பெயரையும் போட்டிருக்கிறார்கள்.

சாப்பிடும்போது கேட்டாள். "அம்மா, அவர் நெஞ்சைப் பிடிச்சதுக்கு அப்புறமும் நீ ஏன் பேசிக்கிட்டே இருந்த?"

"நான் கவனிக்கலடி. நான் கேமராவைப் பார்த்துப் பேசிட்டிருந்தேன்."

"இல்லம்மா. வீடியோவுல நீ அவரைப் பார்க்கற."

ரசம் ஊற்றட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள்.

செப்டம்பர் 13, சனி

சிலிண்டர் வந்தது. துணி துவைத்தேன். அந்த வீடியோவை நானும் போட்டுப் பார்த்தேன்.

அவர் வலது கை நெஞ்சுக்குப் போவதும், இடது கை மேசை விளிம்பைப் பிடிப்பதும் தெரிகிறது. நான் அதைப் பார்ப்பதும் தெரிகிறது. உண்மையைச் சொன்னால், நடிக்கிறார் என்று நினைத்தேன். பதில் இல்லாதபோது அவர் இருமுவார், தண்ணீர் குடிப்பார், கண்ணாடியைத் துடைப்பார். அந்த வகையில் புதிதாக ஒன்று என்று நினைத்துக்கொண்டேன். இதை நினைக்க ஒரு நொடிகூட ஆகியிருக்காது.

ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்க்கலாமா என்று இளம்பரிதி அண்ணனைக் கேட்டேன்.

"இப்ப வேண்டாம்மா. நீங்க போனா மன்னிப்பு கேட்கப் போன மாதிரி ஆயிடும். ஜெயிச்சதைக் கொண்டுபோய் நாமே கொடுத்த மாதிரி." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "தேர்தலுக்கு உங்க பேரும் பேச்சுல இருக்கு, சொன்னாங்களா?" என்றார்.

சொல்லவில்லை என்றேன். இத்தனை வருஷம் உழைத்திருக்கிறேன், பேர் பேச்சில் வருவதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. போகாததற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அவரை வார்டுக்கு மாற்றட்டும் என்று பார்க்கிறேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

போய்விட்டு வந்தேன்.

மிருதுளாதான் ஸ்கூட்டியை எடுத்தாள். துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தேன். அவரை வார்டுக்கு மாற்றியிருந்தார்கள். வாசலில் அவர் மனைவி கோமளா சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். டிவியில் வருகிறவர்களின் மனைவிமாருக்கு நம்மை நன்றாகத் தெரியும். என்னைப் பார்த்ததும் அந்த அம்மாள் முகம் இறுகியது.

"எதுக்கு வந்தீங்க?"

"சாரைப் பார்க்கணும்."

"கூட கேமரா வருதா?"

இல்லை என்றேன். பின்னால் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வழிவிட்டார்.

அவர் இளைத்துப்போயிருந்தார். மேக்கப் இல்லாமல் நான் அவரைப் பார்த்ததில்லை. நெற்றியில் பெரிய தழும்பு ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. சைக்கிளிலிருந்து விழுந்ததாம், சின்ன வயதில்.

"வக்கீலம்மா, உட்காருங்க. பேர் வச்சாச்சா பஸ் ஸ்டாண்டுக்கு?"

"இன்னும் இல்ல சார்."

"நல்லவேளை. நான் இல்லாதப்ப வச்சிடப் போறீங்க."

சிரிக்க முயன்றார், வலித்தது போலிருக்கிறது. மிருதுளாவிடம் என்ன படிக்கிறாய் என்று கேட்டார். எங்களோடு இட்லியைப் பற்றியும் டாக்டரைப் பற்றியும் பேசினார். அதிக நேரம் இருக்கவில்லை. கிளம்பும்போது அவர் கையைப் பிடித்து ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்று சரியாக நினைவில்லை.

செப்டம்பர் 16, செவ்வாய்

யாரோ படம் எடுத்திருக்கிறார்கள். வார்டு கதவின் கண்ணாடி வழியாக. நான் குனிந்து அவர் கையைப் பிடித்திருக்கிறேன். மிருதுளாவின் முதுகு தெரிகிறது. அவர்கள் பக்கம் போட்ட தலைப்பு: "காலில் விழுந்தார்."

இளம்பரிதி அண்ணன் இன்று என்னை "அம்மா" போடாமல் கூப்பிட்டார்.

செப்டம்பர் 17, புதன்

பூவராகன் சார் படுக்கையிலிருந்தே பேசும் வீடியோ வந்திருக்கிறது. மூக்கில் குழாய், பின்னால் கட்சிக் கொடி. ஆஸ்பத்திரிக்குள் கொடியை யார் கொண்டுவந்தார்களோ. "செய்தித் தொடர்பாளர் தமயந்தி, தங்கள் கட்சியின் சார்பில் என்னிடம் நேரில் மன்னிப்புக் கோரினார். நான் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டேன்" என்கிறார். அவர் இப்படிப் பேசுகிறவர் இல்லை. ஆனால் பேசியிருக்கிறாரே.

எல்லா சேனல்களிலும் இன்றைய தலைப்பு நான்தான். "ஆஸ்பத்திரியில் நடந்தது என்ன?" மாலையில் கட்சி அறிக்கை. விவாதக் குழுவிலிருந்து என்னை விடுவித்திருக்கிறார்கள்.

நான் மன்னிப்புக் கேட்டேன்தான். "என்னை மன்னிச்சிடுங்க சார்" என்றேன். கட்சி சார்பில் கேட்கவில்லை. அது அவருக்கும் தெரியும். நம்பிப் போனேன், விற்றுவிட்டார்.

செப்டம்பர் 25, வியாழன்

எட்டு மணிக்கு வீட்டில் இருப்பது கஷ்டமாக இருக்கிறது. எனக்குப் பதிலாக இப்போது கோவைக்காரர் ஒருவர் போகிறார். புள்ளிவிவரம் ஒன்றும் கையில் இல்லை, குரல் மட்டும் இருக்கிறது. டிவியைப் பார்த்து நானே பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மிருதுளா மேற்படிப்புக்கு பெங்களூரு போகலாமா, இங்கேயே சேரலாமா என்று பேச்செடுத்தாள். அவளுக்கே தெளிவில்லை. "போறியா இல்லையா, ரெண்டுல ஒண்ணு சொல்லு" என்றேன். அவள் ஆரம்பிப்பதற்குள் மறுபடி கேட்டேன். தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குப் போய்விட்டாள்.

அக்டோபர் 6, திங்கள்

கோர்ட்டுக்கே வந்துவிட்டார் இளம்பரிதி அண்ணன். கேன்டீனில் உட்கார்ந்து பேசினோம்.

"நாளைக்கு நீங்க திரும்பி வரணும். உங்களை யாரும் ஒதுக்கல." இரண்டாவது டீ சொன்னார். "அந்த மன்னிப்பு விஷயத்தை மட்டும் முடிச்சு வைக்கணும். அவர்தான் உங்களை வரச் சொன்னார், நம்ம பக்கம் வர்றதுக்கு ஜாடை காட்டினார்னு சொல்லிடுங்க."

"அவர் அப்படி ஒண்ணும் சொல்லலண்ணே."

"அவர் மட்டும் நடந்ததையா சொன்னார்?"

வந்த டீயை எடுத்து ஆற்ற ஆரம்பித்தேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

மதியம் கோமளா அம்மாள் இரண்டு முறை அழைத்தார். விவாதத்துக்குத் தயார் செய்துகொண்டிருந்ததால் எடுக்கவில்லை.

நிகழ்ச்சி நன்றாகப் போனது. நிவேதன் எதிர்பார்த்தது போலவே முதல் கேள்வியாக அதைத்தான் கேட்டார். "மேடம், மன்னிப்பு கேட்டீங்களா, இல்லையா?" நான் சொன்னது இவ்வளவுதான்: "நான் ஏன் போனேன், அவர் மனசுல என்ன இருந்ததுன்னு அவரையே கேளுங்க. எந்தக் கட்சியில அவர் மூச்சு முட்டிக்கிட்டிருக்காருன்னு அவருக்குத்தான் தெரியும்."

இதில் பொய் எதுவும் இல்லை. கட்சிக்கு வருகிறார் என்று நான் சொல்லவில்லை. கேட்டவர்கள் அப்படி எடுத்துக்கொண்டால் நான் என்ன செய்ய முடியும்?

இளம்பரிதி அண்ணன் கைதட்டும் படம் அனுப்பினார். மறுபடி "அம்மா" வந்துவிட்டது.

அக்டோபர் 9, வியாழன்

கோமளா அம்மாள் மறுபடி அழைத்தார். இந்த முறை எடுத்தேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"அன்னைக்கே சொல்லணும்னுதான் கூப்பிட்டேன். அந்த வீடியோ எடுத்தப்ப நான் மருந்து வாங்கக் கீழ போயிருந்தேன். நாலஞ்சு பேர் வந்து, எழுதிக் கொண்டுவந்ததைக் கண்ணுக்கு எதிர்ல பிடிச்சிருக்காங்க. அந்தம்மா பேர் வேண்டாம்னு இவர் சொல்லியிருக்கார். அன்னைக்குக் காலையில டெஸ்டுக்குக் கொடுத்த மயக்க மருந்து இன்னும் முழுசா தெளியல அவருக்கு. படிச்சுட்டார். உங்ககிட்ட இதைச் சொல்லச் சொல்லி என்னை நச்சரிச்சார்."

டிவியின் சத்தத்தைக் குறைத்தேன்.

"இப்ப நீங்க பேசினதுக்கு அப்புறம் இவர் கட்சி ஆளுங்க யாரும் எட்டிப் பார்க்கறதில்ல. நேத்து ரெண்டு பேர் வாசல்ல வந்து துரோகின்னு கத்திட்டுப் போனாங்க. முப்பது வருஷமா இருந்த கட்சி."

"சார் என்ன சொன்னார்?"

"டிவியில பார்த்தார். பார்த்துட்டு, நல்லா பேசினாங்கன்னு சொன்னார்."

போனை வைத்துவிட்டார். கேலியா, நிஜமா என்று கேட்டிருக்கலாம். கோமளா அம்மாளுக்கும் தெரிந்திருக்காது.

அக்டோபர் 10, வெள்ளி

தலைவலி. மிருதுளாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என் தலைக்குத் தைலம் தேய்த்துவிட்டாள்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. காலையிலிருந்து மழை, பட்டாசு நமத்துவிட்டது. பூவராகன் சாருக்கு வாழ்த்து தட்டச்சு செய்து, அனுப்பாமல் அழித்துவிட்டேன்.

அக்டோபர் 27, திங்கள்

எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். கீழ்த்தளத்துக்காரர்கள் ஃப்ரிட்ஜை செங்கல் வைத்து உயர்த்தியிருக்கிறார்கள். கோர்ட்டுக்குப் போக முடியவில்லை.

சேனலிலிருந்து அழைப்பு. நாளை எட்டு மணி, "வெள்ளக்காடான சென்னை: தூங்கியது யார்?" எதிர் நாற்காலியில் பூவராகன் சாராம். அவரது கட்சியே அனுப்புகிறதாம். விசுவாசத்தை நிரூபிக்கட்டும் என்று. "ரெண்டு பேரும் மறுபடி நேருக்கு நேர் மேடம், ஒரு மணி நேரமா ப்ரோமோ ஓடுது" என்றாள் அந்தப் பெண், சந்தோஷமாக.

டாக்டர் அனுமதித்தாரா என்று கேட்டேன். அது அவர்களுக்குத் தெரியாதாம்.

வர மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். நான் போகாவிட்டால் கோவைக்காரர் போவார். அவர் இவரைக் குதறிவிடுவார். அதனால் ஒப்புக்கொண்டேன். வேறு காரணமும் இருக்கலாம், இப்போது யோசிக்கத் தெம்பில்லை.

அக்டோபர் 29, புதன்

நேற்று நடந்தது.

செட்டுக்குள் போனபோது அவர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். சட்டை தொளதொளவென்று இருந்தது. மைக் மாட்டுகிற ஆள் தொட்டபோது நெஞ்சைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் வணக்கம் சொன்னேன். அதற்குமேல் நேரமில்லை.

நிவேதன் ஆரம்பத்திலேயே பழைய வீடியோவைப் போட்டார். நான் "வாயடைச்சுப் போச்சு" என்று கத்துவதும் அவர் சரிவதும், கிளாஸ் உடைகிற சத்தத்தோடு, பெரிய திரையில். அவர் தான் விழுவதைக் கன்னத்தில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மீண்டு வந்திருக்கும் பூவராகன் அவர்களே, உங்க முதல் குண்டை வீசுங்க."

அவர் தொடங்கினார். "நாலு வருஷமா ஆட்சியில இருக்காங்க. வடிகாலுக்கு ஒதுக்கினது எங்க போச்சு? எங்க ஆட்சியில ஒரு சொட்டு தண்ணி தேங்கினதா?" என்று கேட்டு நிறுத்தினார். இது நான் குறுக்கே பாய வேண்டிய இடம். எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் ஆட்சியில் படகு விட்ட படங்கள் என் கையிலேயே இருந்தன.

நான் பேசவில்லை. முன்கூட்டி யோசித்து வந்ததில்லை இது.

அவர் அதே கேள்வியை மறுபடி கேட்டார். மறுபடி நிறுத்தினார். என்னைப் பார்த்தார்.

"மேடம், மறுப்பே இல்லையா?" என்றார் நிவேதன்.

"அவர் முடிக்கட்டும்."

"உங்க ஆட்சி மேல குற்றம் சொல்றார் மேடம்."

"முடிக்கட்டும். நான் இருக்கேன்."

பூவராகன் சார் வாயைத் திறந்தார், மூடினார். காகிதத்தைப் புரட்டினார். யாரும் வெட்டாமல் பேச அவருக்கு இடம் கிடைத்திருந்தது. அந்த இடத்தில் வைக்க அவரிடம் எதுவும் இல்லை என்பது எனக்குத் தெரிந்தது. என்னிடமும் இருந்திருக்காது. நான் வைத்திருந்ததும் அந்தப் படகுப் படங்கள்தான். அவர் தண்ணீர் குடித்தார். உண்மையாகவே தாகமாக இருந்திருக்க வேண்டும்.

அந்த அமைதி தாங்க முடியாமல் நான் கேட்டேன். "சார், உங்க தெருவுல தண்ணி வடிஞ்சுதா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "இல்ல வக்கீலம்மா. உங்க ஆட்சியிலயும் இல்ல, எங்க ஆட்சியிலயும் வடிஞ்சதில்ல. உங்க தெருவுல?"

"இல்ல சார். முழங்கால் வரைக்கும் நிக்குது."

நிவேதன் காதில் கைவைத்துக்கொண்டார். உள்ளே யாரோ கத்துவது எனக்கே கேட்டது. அவசரமாக விளம்பர இடைவேளை.

விளக்கு அணைந்ததும் நிவேதன் எழுந்து வந்தார். "என்ன சார் இது? ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டு வந்தீங்களா?"

"பேசி வச்சிருந்தா இதைவிட நல்லா சண்டை போட்டிருப்போம் தம்பி" என்றார் பூவராகன் சார்.

இடைவேளை முடிந்தபோது எங்கள் நாற்காலிகள் காலி. தொழில்நுட்பக் கோளாறு என்று சொல்லி, வீடியோ இணைப்பில் கோவைக்காரரையும் அவர்கள் கட்சியின் வேறொருவரையும் கொண்டுவந்துவிட்டார்கள். வெளியே வரும்போதே அவர்கள் கத்துவது கேட்டது.

போர்டிகோவில் வண்டிக்காக நின்றோம். மழை. படிக்குக் கீழே தண்ணீர். இரண்டு பேர் போனும் விடாமல் அடித்தன. இரண்டு பேரும் எடுக்கவில்லை. இளம்பரிதி அண்ணனின் செய்தி மட்டும் திரையில் தெரிந்தது: "நாளை காலை அலுவலகம் வரவும்." அவ்வளவுதான். தேர்தல் பேச்சில் இனி என் பெயர் இருக்காது. இதை எழுதும்போது எதிர்பார்த்த அளவு வருத்தம் வரவில்லை, தூக்கம்தான் வருகிறது.

"சார், அன்னைக்கு நான் உங்களைப் பத்திச் சொன்னது..." என்று ஆரம்பித்தேன்.

"எனக்குத் தெரியும், எப்படிச் சொல்ல வைப்பாங்கன்னு. நானும் படிச்சேன்ல" என்றார். பிறகு, "கோமளாவுக்குத்தான் ஆறல. வாசல்ல வந்து கத்தினாங்கல்ல, அவ தனியா நின்னு கேட்டா."

"நான் வந்து பார்க்கட்டுமா சார்?"

அவர் வண்டி வந்தது. டிரைவர் குடை பிடித்தார். இறங்குவதற்கு முன் என் தோளைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலைத் தண்ணீரில் வைத்துப் பார்த்தார்.

"ஞாயித்துக்கிழமை வாங்க. திட்டுவா. ரொம்ப நேரம் திட்டுவா. நடுவுல பேசாம கேட்டுக்கங்க."